இடப்பக்க விளக்கு மங்கலாக எரிந்த கார்

நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கடையில் பால் எடுத்தால் முன்வரிசையை விட்டுவிட்டு உள்ளே கையை விட்டுப் பின்னால் இருப்பதைத்தான் எடுப்பேன். முன்னால் வைத்திருக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கும். யாராவது வாசலில் வந்து நின்று சிரித்தால், இவர் என்ன விற்கப் போகிறார் என்று கையைப் பார்ப்பேன். "உங்களுக்கு முன்னால சாமி வந்து நிண்டு வரம் தந்தாலும், ஐடி காட்டச் சொல்லிக் கேப்பியள்" என்று என் மனைவி சொல்லுவாள். கேட்டால் என்ன பிழை? உண்மையான சாமி என்றால் காட்டிவிட்டுப் போகட்டுமே.

இப்படிப்பட்ட நான் ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். வீடு மெல்பேர்னின் மேற்கில், டார்னெய்ட்டில். வேலை நகரத்தின் மறுகரையில், மல்கிரேவில். ஆஸ்பத்திரிக் கட்டில்களை ஏற்றி இறக்கும் மோட்டார்களைத் திருத்துகிற இடம். ரயிலில் போனால் மாறி மாறி ஏற வேண்டும். காரில் போனால் வீடு திரும்பும் நேரத்தில் பாதி ஆயுள் வீதியில் போய்விடும். மோட்டார் சைக்கிள் என்றால் நெரிசலில் மெல்ல இடையால் வரலாம். இது நான் வீட்டில் சொன்ன காரணம். ஊரில் இளவயதில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஆசை அடங்கவில்லை என்பது சொல்லாத காரணம்.

லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் பழக்கிய பெண்மணி ஒரு விஷயத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார். முன்னால் போகும் வாகனம் ஒரு கம்பத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்க வேண்டும். ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று என்று மூன்று செக்கன் எண்ணி முடிவதற்கு முதல் நாங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால், மிகவும் கிட்டப் போகிறோம் என்று அர்த்தம். கார்க்காரனைச் சுற்றித் தகரம் இருக்கிறது, உன்னைச் சுற்றி இந்த இடைவெளிதான் இருக்கிறது என்றார். நான் தலையாட்டினேன். சோதனையில் அழகாக எண்ணியும் காட்டினேன். லைசென்ஸ் கைக்கு வந்த கையோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஏனென்றால் நான் வரிசைகளில் வளர்ந்தவன். மண்ணெண்ணெய் வரிசை, ஊரை விட்டுப் போக அனுமதி கேட்கும் பாஸ் வரிசை, பிறகு வேறு நாடுகளில் முகாம் வரிசை. முன்னால் நிற்பவனின் முதுகில் உன் நெஞ்சு முட்ட வேண்டும். ஓரடி விட்டாயோ, அந்த ஓரடிக்குள் ஒருவன் வந்து நிற்பான்; அவனுக்குப் பின்னால் அவனுடைய மச்சான் நிற்பான். இடைவெளி விட்டவன் வெறும் போத்தலோடு வீட்டுக்குப் போவான். அப்படிப் பழகிய உடம்புக்கு, முன்னால் மூன்று செக்கன் காலியாகக் கிடக்கிற வீதியைப் பார்த்துக்கொண்டு போவது பொறுக்க முடியாத வேலை. உண்மையும் அதுதான்: நீங்கள் இடைவெளி விட்டால் ஒரு வெள்ளை வான் சிக்னல்கூடப் போடாமல் அதற்குள் வந்து விழும். ஆகவே நான் முன்னால் போகிறவனோடு ஒட்டியே போனேன். ஒருவனையும் உள்ளே விடவில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வந்த கிழமையே என் மனைவியின் அண்ணன் வந்தார். அவரும் எங்களுக்குப் பத்து நிமிட ஓட்டத்தில்தான் இருக்கிறார். மனைவிக்குப் பெற்றோர் இல்லாத இந்த நாட்டில் அவர்தான் தாயும் தகப்பனும். வந்தால் கதிரையைக் குசினிக்குள் இழுத்துப் போட்டு, தங்கச்சி சமைப்பதைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பார். அன்றைக்குக் கராஜ் கதவு திறந்திருந்தது. நான் பெருமையோடு துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்று மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். முகம் கறுத்தது. உள்ளே மனைவி தேத்தண்ணி ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"வாங்கோ மச்சான், எப்பிடி இருக்கு?" என்றேன்.

"எனக்கு ஒரு அலுவல் இருக்கு. போட்டு வாறன்" என்றார். தேத்தண்ணியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவும் இல்லை, என்னோடு கதைக்கவும் இல்லை.

எனக்கு விஷயம் உடனே விளங்கியது: எரிச்சல். என்னைவிட வயதில் மூத்த மனுஷன், தான் ஓட முடியாத ஒன்றை நான் ஓடுகிறேன் என்று வயிறு எரிகிறது. மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "அண்ணா அப்பிடியான ஆள் இல்லை" என்றாள். அவள் மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கராஜுக்குள் வந்தால் அது இருக்கும் பக்கம் திரும்பாமலே போவாள். ஒரேயொரு கட்டளை மட்டும் போட்டாள்: வேலையிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போட வேண்டும். ஒரு நாள் மறந்து, மோட்டார் ஒன்றைக் கழற்றத் தொடங்கிவிட்டேன். அலுவலகத் தொலைபேசிக்கே எடுத்துவிட்டாள்.

குளிர்காலம் தொடங்கியது. நான் வீட்டை விட்டு வெளிக்கிடும் நேரம் இன்னும் இருட்டு. அந்த நேரத்துக்கு ஃப்ரீவே நெரிசல் இல்லாமல் ஓடும். வெஸ்ட்கேட் பாலத்தில் ஏறும்போதுதான் முதன்முதலில் அதைக் கவனித்தேன். என் கண்ணாடியில் இரண்டு விளக்குகள். வலப்பக்கம் நல்ல வெள்ளை. இடப்பக்கம் மங்கல், பழைய மஞ்சள்.

அதில் என்ன இருக்கிறது, எத்தனை காருக்கு ஒரு விளக்கு மங்கல் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் முதல் நாள் ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த நாளும் அதே மங்கல் விளக்கு, அதே பாலம். அதற்கடுத்த நாளும். என்னைச் சந்தேகப்பட வைத்தது விளக்கு அல்ல, அது வந்த தூரம். இந்த ஊரில் ஒருவரும் அப்படி ஓடுவதில்லை. பின்னால் வருகிறவன் ஒன்றில் உங்கள் முதுகில் ஏறுவான், அல்லது பொறுமை இல்லாமல் முந்திக்கொண்டு போவான். இது இரண்டும் செய்யவில்லை. நான் வேகம் கூட்டினால் கூட்டியது, குறைத்தால் குறைத்தது. இடையில் வேறு கார் வந்து விழுந்தால், சற்றுப் பிந்தி, அந்தக் கார் போனதும் மறுபடி பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. கிட்டவும் வராது, விலகவும் விலகாது.

அப்படி வருகிறவன் யார் என்று எனக்குத் தெரியும். பதினாறு பதினேழு வயதில், டியூசன் முடிந்து வீட்டுக்கு வரும்போது என் பின்னால் ஒருவன் சைக்கிளில் வந்தான். நான் மிதித்தால் மிதித்தான். நான் செருப்பு அறுந்ததுபோல் இறங்கி நின்றால், அவனும் ஒரு கடை வாசலில் இறங்கி நின்றான். முந்தவே இல்லை. ஒரு கிழமை கழித்து எங்கள் ஒழுங்கைக்கு இராணுவ ஜீப் வந்தது. அவர்கள் தேடி வந்தது என்னை அல்ல, என்னோடு படித்த ஒருவனை. அன்று படித்த பாடம் இது: கண்மண் தெரியாமல் ஓடி வருகிறவனுக்குப் பயப்படத் தேவையில்லை, ஒழுங்காக இடைவெளி விட்டு வருகிறவனுக்குப் பயப்பட வேண்டும்.

யாராக இருக்கும் என்று யோசித்தேன். முதலில் காப்புறுதிக்காரன். முந்தின வருடம் வேலையிடத்தில் கட்டில் ஒன்றைத் தூக்கி முதுகு பிடித்து, சில கிழமை லீவில் இருந்தேன். இப்படி லீவு எடுத்தவர்களின் பின்னால் கமெராவோடு ஆள் அனுப்புவார்கள் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் முதுகுவலி கலப்படம் இல்லாத முதுகுவலி. ஆனாலும் முதுகு பிடித்தவன் மோட்டார் சைக்கிளில் பறப்பதை யாராவது படம் பிடித்தால் நல்லாவா இருக்கும்? ஆகவே வேலையிடத்தில் இறங்கியதும் இடுப்பில் கை வைத்து, இரண்டு தரம் முனகி, ஒரு காலை இழுத்து நடந்து உள்ளே போனேன். உண்மையான வலிக்கு நடித்தும் காட்ட வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

பிறகு குடிவரவுத் திணைக்களத்தை நினைத்தேன். எனக்குக் குடியுரிமை கிடைத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் பழைய பயம் குடியுரிமை வாங்கவில்லை. ஊரில் ஏதோ இயக்கத் தொடர்பு என்று யாராவது இல்லாததைச் சொல்லிக் கொடுத்திருப்பார்களோ? சொல்லக்கூடிய ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். என்னில் எரிச்சல் உள்ளவர் என்று யோசித்தால் ஒரேயொரு முகம்தான் முன்னால் வந்தது, தேத்தண்ணி குடிக்காமல் போன முகம். சொந்த மச்சானை அப்படி நினைப்பதா என்று என்னையே ஏசினேன். ஏசிக்கொண்டே நினைத்தேன்.

உறுதிப்படுத்த ஒரு நாள் ஃப்ரீவே ஓரத்துப் பெற்றோல் நிலையத்துக்குள் திடீரெனத் திரும்பினேன். மங்கல் விளக்கு நேரே போய்விட்டது. எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. தேவையில்லாத ஒரு கோப்பி வாங்கிக் குடித்தேன். வெளிக்கிட்டுத் திரும்ப வீதியில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனால், ஓரத்தில் ஒரு கார் அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. அதைத் தாண்டினேன். பின்னால் அது அசைந்தது. கண்ணாடியில் வலப்பக்கம் வெள்ளை, இடப்பக்கம் மஞ்சள். காத்திருந்திருக்கிறது!

அன்றைக்கு வேலையிடத்தில் கையுறையைக் கழற்றும்போதுதான் இன்னொன்று உறைத்தது. மனைவிக்கு மெசேஜ் போட்டு எவ்வளவு நாளாகிவிட்டது? யோசித்துப் பார்த்தேன். குளிர் தொடங்கியதிலிருந்து போடவே இல்லை. நான் மறந்திருக்கிறேன், அவளும் கேட்கவில்லை. ஒரு நாள் தவறியதற்கு அலுவலகத் தொலைபேசிக்கு எடுத்த மனுஷி, இவ்வளவு நாளாகச் சும்மா இருக்கிறாள்!

அன்று பின்னேரம் சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன். "இப்ப நான் மெசேஜ் போடுறேல்லை. நீயும் கேக்கிறேல்லை?"

அவள் புட்டைக் கோப்பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். "நீங்கள் போய்ச் சேந்திடுவியள்தானே."

"அது எப்பிடி உனக்குத் தெரியும்?"

"தெரியும்" என்றாள். குழம்பு எடுக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

நான் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்படியென்றால் ஆள் அனுப்பியவள் இவளா? நான் காலையில் வேலைக்கென்று சொல்லிவிட்டு வேறெங்கோ போகிறேன் என்று நினைக்கிறாளா? இந்த முகத்துக்கு இந்த வயதில் யார் வரப்போகிறார்கள் என்று சிரிப்பும் வந்தது. ஆனாலும் இவ்வளவு காலம் ஒன்றாக வாழ்ந்த பிறகு, வீட்டுக்குள்ளும் பின்னாலும் ஒரே நேரத்தில் கவனிக்கப்படுகிறேன் என்றால் நான் எங்கே போய் நிற்பது? அந்தக் கிழமை முழுக்க அவளோடு சரியாகக் கதைக்கவில்லை. அவளுடைய போன் அடித்தால் காதைக் கொடுத்தேன். வெளிச்சம் வந்தபின் அடிக்கும் ஒரு போன் இருப்பதாகவும், அதற்கு அவள் "சரி, சரி" என்று இரண்டு சொல்லோடு வைப்பதாகவும் ஒரு லீவு நாளில் கண்டுபிடித்தேன். யாரென்று கேட்டதற்கு, பிழையான நம்பர் என்றாள். பிழையான நம்பருக்கு ஏன் சரி சொல்ல வேண்டும்?

இனிப் பொறுக்க முடியாது, அந்த முகத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று முடிவெடுத்தேன். திட்டம் எளிது. ஃப்ரீவேயில் இருந்து இறங்கி வெலிங்டன் ரோட்டில் ஏறியதும் சிக்னல்கள் வரும். சிவப்பில் நிற்க வேண்டி வந்தால் அவன் என் பின்னால் வந்து நின்றுதானே ஆக வேண்டும்? ஆனால் நான் ஒட்டிப் போகிற ஆள், முன்னால் போகிறவனோடு சேர்ந்து மஞ்சளில் பாய்ந்துவிடுவேன்; அவன் பிந்தி நின்றுவிடுவான். ஆகவே இந்த முறை மஞ்சளிலேயே, அவன் எதிர்பாராதபோது, பலமாகப் பிரேக் பிடிப்பது. கிட்ட வந்து முழிக்கட்டும்.

அடுத்த நாள் இன்னும் விடியவில்லை, வானம் மட்டும் சாம்பல் நிறமாகி இருந்தது. முன்னால் ஒரு வான், அதன் பின்கதவில் முட்டாக்குறையாக நான். எனக்குப் பின்னால் அவன். சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. வான் போய்விட்டது. நானும் போயிருக்கலாம். இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்தேன். பின்சில்லு ஒரு பக்கம் இழுத்து ஆடியது. கோட்டுக்கு மேல் நின்றேன். பின்னால் டயர் கத்துகிற சத்தம்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அந்தக் கார் நின்றிருந்தது. எனக்கும் அதற்கும் இடையில் இன்னொரு கார் தாராளமாக நிற்கலாம். அவ்வளவு இடம் மிச்சம். அங்கிருந்து உள்ளே இருப்பவன் முகமும் தெரியவில்லை, வெளிச்சம்தான் கண்ணில் அடித்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிடித்தும் பிடிபடாமல் நிற்கிறானே! மோட்டார் சைக்கிளைச் சிவப்பு விளக்கில் நடுவீதியில் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டோடு இறங்கிப் பின்னோக்கி நடந்தேன். சின்னச் சாம்பல் நிறக் கார். கண்ணாடியில் தட்டுவதற்குக் கையை ஓங்கினேன்.

உள்ளே மச்சான் இருந்தார்.

இரண்டு கையும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. வாய் திறந்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் காருக்கும் என் மோட்டார் சைக்கிளுக்கும் இடையில் கிடந்த வெறும் தாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டினேன். கண்ணாடியை இறக்கினார்.

"நிண்டிட்டுது" என்றார். "பாத்தீரே மச்சான்? இந்த முறை நிண்டிட்டுது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பச்சை விழுந்தது, பின்னால் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள். ஓடிப் போய் மோட்டார் சைக்கிளை எடுத்து, பக்கத்தில் இன்னும் திறக்காத கடைகளின் கார் தரிப்பிடத்துக்குள் திருப்பினேன். அவர் மெதுவாகப் பின்னால் வந்து நிறுத்தினார். இறங்கவில்லை. நான் போய்ப் பக்கத்து சீற்றில் ஏறி இருந்தேன்.

"எவ்வளவு நாளா என்ரை பின்னால வாறியள்? ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை. எங்கட கம்பெனி உம்மட வேலையிடத்துக்கும் அங்கால, டண்டினோங்குக்கு மாறிப் போச்சு. அதுக்குத்தான் இந்தக் காரை வேண்டினனான். முதல் நாள் பாலத்தில உம்மைக் கண்டனான். நீர் முன்னால போறவன்ரை டிக்கிக்குள்ள ஏறிப் போறீர். என்னால பாத்திட்டுப் போகேலாமல் போச்சு. முன்னுக்கு நீர் செய்யிறதுக்கு என்னால ஒண்டும் செய்யேலாது. பின்னால வந்து ஒருத்தன் இடிக்காமலாவது பாப்பம் எண்டுதான்."

"வந்து என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஏனெண்டு கேப்பீர். நீர் கேக்காமல் விடுற ஆளே?"

இப்போதும் கேட்டேன். ஏன்?

அவர் சொல்லத் தொடங்கினார். எங்கள் வீட்டுச் சாமி அறையில் ஒரு பையனின் படம் இருக்கிறது. என் மனைவியின் தம்பி, அவருக்கும் தம்பி. ஷெல் விழுந்து செத்தான் என்று கலியாணம் பேசி வந்தபோது சொன்னார்கள். எங்கே விழுந்தது என்று நான் கேட்டபோது மனைவி ஒரு ஊர் சொன்னாள், மாமியார் வேறொரு ஊர் சொன்னார். எனக்கு அதில் எப்போதும் ஒரு சந்தேகம். ஆனால் செத்த பிள்ளையைப் பற்றிக் கிண்டிக் கேட்க நானும்கூடத் துணியவில்லை.

ஷெல் இல்லை. மச்சானின் மோட்டார் சைக்கிளில் தம்பி பின்னால் இருந்திருக்கிறான். முன்னால் ஒரு பஸ். முந்துவதற்கு இடம் பார்த்துப் பார்த்து, அதன் பின்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கிறார். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது, பஸ் சடாரென்று நின்றது.

"நான் ஹாண்டிலைப் பிடிச்சிருந்தனான். அவன் என்னைப் பிடிச்சிருந்தவன்" என்றார். "எனக்கு ஒரு கீறல். வீட்டை வந்து அம்மாட்டைச் சொன்னனான். அம்மா ஒண்டும் கேக்கேல்லை. செத்தவீட்டுக்கு வந்த ஆக்களுக்கு ஷெல் எண்டு சொல்லிப்போட்டா. அந்த நேரம் ஷெல்லில செத்திட்டான் எண்டா ஒருத்தரும் திருப்பிக் கேக்கமாட்டினம். எனக்காகத்தான் சொன்னவ. நானும் சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே எது உண்மையெண்டு சில நேரம் தெரியாது."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நான் சற்று முன் என்ன செய்தேன்? பின்னால் ஒரு காரை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே பிரேக் அடித்திருக்கிறேன். வேறு எவனாக இருந்தாலும், ஏன், பின்னால் நானே வந்திருந்தாலும், என்மேல் ஏற்றி மிதித்துக்கொண்டு போயிருப்பான். எந்த இடைவெளியை நான் இத்தனை மாதமாகச் சந்தேகப்பட்டேனோ, அதுதான் என்னை இந்தக் காருக்குள் உயிரோடு இருத்தி வைத்திருக்கிறது. அதைவிட, இந்த மனுஷனை நான் என்ன இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்! முன்னால் போன வாகனம் திடீரென நிற்கிறது, பிரேக் இவருடைய காலில். நாங்கள் இரண்டு பேரும் அன்று வேலைக்குப் பிந்தித்தான் போனோம்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுமோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும் நீங்கள் உள்ளுக்குப் போனதும் போன் எடுத்துச் சொல்லுவார். உங்களுக்கு லீவெண்டாலும் தான் போய்ச் சேந்ததைச் சொல்லுவார்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அண்ணான்ரை கதையை நான் எப்பிடிச் சொல்றது? மற்றது, சொன்னா நம்பியிருப்பியளே? அவருக்கு என்னில எரிச்சல், வேவு பாக்கிறார் எண்டு நிண்டிருப்பியள்."

நான் அப்படித்தான் நின்றிருப்பேன்.

அவள் சாமி அறைப் பக்கம் திரும்பினாள். "மோட்டார் சைக்கிளை விடச் சொல்லி நான் உங்களைக் கேக்கேல்லை. கேட்டா நீங்கள் விடமாட்டியள், எனக்குத் தெரியும். அண்ணா பின்னால வாறார் எண்ட நம்பிக்கையிலதான் நான் இஞ்ச சமைச்சுக்கொண்டு இருந்தனான். எனக்கு ஒரு சகோதரம் போனது காணும். வீட்டில ஒரு படம் போதும்." அழுதாள். அவளைச் சந்தேகப்பட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் தோளில் வைத்தேன்.

சனிக்கிழமை மச்சான் வந்தார். நேரே கராஜுக்குள் வந்தார். மோட்டார் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பின் சீற்றில் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"பின்னால ஆரையும் ஏத்திறனீரே?"

"இல்லை மச்சான்."

"ஏத்தாதேயும்."

மனைவி தேத்தண்ணியைக் கராஜுக்கே கொண்டு வந்தாள். அவர் நின்றபடியே குடித்தார். மோட்டார் சைக்கிளை அவளும் அன்றுதான் நேராகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். என்ன கதைப்பது என்று தெரியாமல், "உங்கட காரில இடப்பக்க லைற் மங்கல் மச்சான். அதை வைச்சுத்தான் நான் பிடிச்சனான்" என்றேன்.

அவர் உண்மையாகவே வெட்கப்பட்டார். "அப்பிடியே? அது பிழையெல்லோ. நாளைக்கே மாத்துறன்" என்றார்.

சொன்ன சொல் தவறாத மனுஷன். திங்கட்கிழமை காலை வெஸ்ட்கேட் பாலத்தில் ஏறும்போது கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஏழெட்டுச் சோடி விளக்குகள், எல்லாம் ஒரே வெள்ளை. எது அவருடையது என்று தெரியவில்லை. வருகிறாரா, இன்று படுத்துவிட்டாரா, எதுவும் கண்டுபிடிக்க வழியில்லை. இறங்கிப் பின்னோக்கி நடந்து பார்க்கவா முடியும்? நான் எவ்வளவு முழித்துப் பார்த்தாலும் ஒன்றுதான் செய்யலாம், அவர் வருகிறார் என்று நம்பலாம்.

கண்ணை முன்னால் திருப்பினேன். ஒரு லொறியின் பின்கதவு என் முகத்துக்கு முன்னால் நின்றது. கையைத் தளர்த்தி, அதைப் போக விட்டேன். உடனே ஒரு வெள்ளை வான் சிக்னல் போடாமல் வந்து இடையில் விழுந்தது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு அதையும் போக விட்டேன். வான் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியது. ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.